கமரா தராசைப் பார்க்கட்டும்

தோட்டங்களுக்குள் கமரா வந்துகொண்டிருக்கிறது. ஸ்டோருக்குள், ஆபிஸ் வாசலில், உரக் களஞ்சியத்தில், கொழுந்து மடுவத்தில் என்று ஒவ்வோர் இடமாக வருகிறது. மறுபக்கம் நம்மவர்களும் வாங்குகிறார்கள். கோவில் உண்டியலைக் காக்க ஒன்று, கடையைக் காக்க ஒன்று, மரக்கறித் தோட்டத்தைக் காக்க ஒன்று. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை ஒரு வைபை கமராவை வாங்கி அனுப்புகிறது. லயக் காம்பராவில் தனியாக இருக்கும் அம்மா எழுந்து நடமாடுகிறாரா என்று போனில் பார்த்துக்கொள்கிறது.

ஆகவே கமரா நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் நாம் காலத்தைக் கழிக்க விரும்பவில்லை. எந்தக் கமரா, எங்கே, எதைப் பார்த்து, யார் பார்ப்பதற்கு, பதிவு எத்தனை நாளைக்கு என்ற ஐந்து கேள்விகளும் தீர்மானிக்கப்படும் மேசையில் தொழிலாளர்களும் இருக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. இன்று பெரும்பாலும் இந்த ஐந்தையும் துரைமாரும், விலைப்பட்டியலோடு வரும் கடைக்காரரும் முடிவு செய்கிறார்கள். பொருத்தி முடிந்த பிறகுதான் நமக்குத் தெரிய வருகிறது.

கண்காணிப்பு நமக்குப் புதியதல்ல. லயங்களைக் கட்டிய விதமே கண்காணிக்கத்தான். மேட்டில் பங்களா, பள்ளத்தில் வரிசையாகக் காம்பராக்கள், நடுவில் பிரட்டுக்களம். யார் வந்தார், யார் போனார் என்று கங்காணி பார்த்துச் சொல்வார். சங்கத்தின் பிரதிநிதி தோட்டத்துக்குள் கால் வைக்கும் உரிமையை உறுதிப்படுத்த 1970 ஆம் ஆண்டில் 25 ஆம் இலக்கச் சட்டம் என்று தனியான ஒரு சட்டமே வேண்டியிருந்தது. அந்த உரிமை இன்றும் இருக்கிறது. ஆனால் கேற்றில் இருக்கும் கமரா, சங்கக்காரர் யார் வீட்டு வாசலில் நின்று பேசினார் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுமானால், அவரோடு பேச எத்தனை பேர் துணிவார்கள்? சங்கத்தில் சேரும் உரிமை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டிருக்கிறது. பயம் புகுந்த இடத்தில் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

பழைய கமராவும் புதிய கமராவும்

முன்பிருந்த சி.சி.ரி.வி. கமராவின் வயர் ஓர் அறையில் உள்ள பெட்டிக்குப் போகும். அந்த அறைக்குள் இருப்பவர் மட்டும் பார்ப்பார். இப்போது வருவது இணையக் கமரா. அது கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கம்பியூட்டர். படம் ரவுட்டர் வழியாக வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு கம்பனியின் சேர்வருக்குப் போய், அங்கிருந்து போனுக்கு வருகிறது. கடவுச்சொல் தெரிந்த எவரும், எங்கிருந்தும், எந்த நேரத்திலும் பார்க்கலாம். துரையின் போன், கிளார்க்கின் போன் மட்டுமல்ல; பொருத்த வந்த தொழில்நுட்பக்காரரின் போனிலும் அது இருக்கலாம். பொருத்தியவரே முதல் கடவுச்சொல்லைப் போடுவதும், பிறகு யாரும் அதை மாற்றாமல் விடுவதும் சாதாரணமாக நடப்பவை.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் போதிய உதாரணங்கள் உண்டு. 2016 இல் ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், கம்பனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, தன் படையாக்கி, அமெரிக்காவின் பல பெரிய இணையத்தளங்களை முடக்கியது. 2021 மார்ச்சில் ‘வெர்காடா’ என்ற அமெரிக்கக் கமராக் கம்பனியின் ஒரு நிர்வாகக் கணக்கைக் கைப்பற்றியவர்கள், வைத்தியசாலைகள், சிறைச்சாலைகள், தொழிற்சாலைகள் உட்பட ஏறத்தாழ 150,000 கமராக்களின் நேரடிப் படங்களைப் பார்க்கக்கூடிய நிலைக்கு வந்தார்கள். ‘ரிங்’ கம்பனியின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுப் படங்களைப் பார்க்க இடம் கொடுக்கப்பட்டதாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 இல் குற்றஞ்சாட்ட, 58 இலட்சம் டொலர் செலுத்த அக்கம்பனி உடன்பட்டது. 2024 பெப்ரவரியில் ‘வைஸ்’ கமராக்களில் ஏற்பட்ட கோளாறினால் சுமார் 13,000 பேரின் போன்களில் அடுத்தவர் கமராப் படங்கள் தெரிந்தன.

இவை பணமும் பொறியியலாளர்களும் உள்ள கம்பனிகள். ஹட்டனிலோ பதுளையிலோ மலிவு விலைக்கு வாங்கும் பெயரில்லாப் பெட்டியின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். சாதனத்தின் ஓட்டையை அடைக்க வரும் மென்பொருள் புதுப்பிப்பு அதற்கு ஒருபோதும் வராமலே போகலாம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரியான சுலபக் கடவுச்சொல்லைப் போட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. இங்கே அந்தக் கவனம் வாங்குபவரின் பொறுப்பில்தான் இருக்கிறது.

மங்கலான படம் யாரைப் பிடிக்கும்?

நிர்வாகங்கள் சொல்லும் காரணம் களவைத் தடுப்பது. நியாயமான காரணம்தான். தேயிலைத் தூளும் உரமும் களவு போனால் பழி முதலில் தொழிலாளியின் தலையில்தான் விழும். நல்ல கமரா நிரபராதியைக் காப்பாற்றும். ஆனால் அது நல்ல கமராவாக, சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். முன்பின் தெரியாத ஓர் ஆளை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கமராக்களுக்கான 2014 ஆம் ஆண்டுச் சர்வதேச அளவுகோல். சாதாரண 2 மெகாபிக்சல் கமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். 1,920 ஐ 250 ஆல் பிரித்தால் ஏழரை மீற்றருக்குச் சற்றுக் கூட வரும். அதாவது, அந்தக் கமரா ஒரு வாசலையோ ஒரு கவுன்டரையோ ஒழுங்காகக் காட்டும். அதே கமராவைக் கூரையில் ஏற்றி முழுப் பிரட்டுக்களத்தையும் பார்க்க வைத்தால் அசைவு தெரியும், ஆள் தெரியாது.

ஆள் தெரியாத படம் ஆபத்தானது. கூடையும் படங்கும் தலைத்துணியுமாக நிற்கும் நூறு பெண்கள் மங்கலான படத்தில் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். அந்தப் படத்தை வைத்து “இது நீதான்” என்று குற்றப்பத்திரம் கொடுத்தால், “நான் இல்லை” என்று நிரூபிக்கும் சுமை அந்தப் பெண்ணின் மேல் விழும்.

மலைநாட்டின் காலநிலையும் இதில் சேரும். இரவில் கமரா அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிறது. மூடுபனி இறங்கினால் அந்த ஒளி பனியில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். கண்ணாடியில் சிலந்தி வலை பின்னினாலும் அதே கதைதான். வெளியில் வைப்பதானால் மழைக்கும் தூசிக்கும் தாக்குப்பிடிக்கும் ‘ஐ.பி. 66’ தரமாவது வேண்டும். இருட்டுக்கு அகச்சிவப்பை மட்டும் நம்பாமல் வாசலில் ஒரு நல்ல விளக்கும் வேண்டும். அந்த விளக்கு கமரா இல்லாத நாளிலும் இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு உதவும்.

இன்னொன்று மணி. மின்சாரம் போய் வந்தால் சில மலிவுக் கமராக்களின் மணிக்கூடு பிழையாகிவிடும். பிரட்டுக்குப் பிந்தி வந்தார் என்று அரைப்பேர் போட அந்தப் படத்தைக் காட்டினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “இந்த மணி சரியா? யார் கடைசியாகப் பார்த்துச் சரிசெய்தது?”

பதிவு எங்கே இருக்கிறது?

கமரா வாங்கும்போது எல்லோரும் படத்தின் தெளிவைக் கேட்கிறார்கள். பதிவு எங்கே சேமிக்கப்படும் என்பதைக் கேட்பவர் குறைவு. உரிமை அதில்தான் இருக்கிறது.

2 மெகாபிக்சல் கமரா ஒன்று செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் சேரும். நான்கு கமராக்களின் 30 நாள் பதிவுக்கு ஏறத்தாழ 2,600 ஜிகாபைட் இடம் வேண்டும். அவ்வளவையும் போன் சிக்னலில் இணையத்துக்கு ஏற்றுவது எமது மலைகளில் நடக்காத காரியம். டேட்டாக் காசும் கட்டாது. அதனால் இணையத்தில் மட்டும் சேமிக்கும் கமராக்கள் பெரும்பாலும் அசைவு கண்டால் சில செக்கன்களை மட்டும் பிடித்து அனுப்புகின்றன.

சில செக்கன் துண்டு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளையை நோக்கி ஒரு தொழிலாளி கையை ஓங்கும் காட்சி அதில் இருக்கும். அதற்கு முன் கணக்கப்பிள்ளை சொன்ன வார்த்தை இருக்காது. கொழுந்தைக் கீழே கொட்டும் காட்சி இருக்கும். அதற்கு முன் எத்தனை கிலோ வெட்டப்பட்டது என்பது இருக்காது. ஆகவே, பூட்டிய அறையில், தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பெட்டியில் முழுமையாகப் பதிவாகும் முறைதான் இரு தரப்புக்கும் நியாயமானது. கமராவுக்கும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் யு.பி.எஸ். வேண்டும். இடிமின்னல் காலத்தில் மின் பாய்ச்சலைத் தடுக்கும் பாதுகாப்பும் வேண்டும். இல்லாவிட்டால் தேவையான அந்த ஒரு நாளின் பதிவுதான் “பழுது” என்று சொல்லப்படும்.

பெட்டி நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறும். இதைத் தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் மனதில் பதிக்க வேண்டும். விபத்தோ பிரச்சினையோ நடந்தால், “இன்ன திகதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையான பதிவை அழியாமல் வைத்திருங்கள், எமக்கும் ஒரு பிரதி தாருங்கள்” என்று அன்றே எழுத்தில் கொடுங்கள். ரோலரில் கை சிக்கிய தொழிலாளிக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும்போது, இயந்திரத்துக்குக் கவசம் இருந்ததா இல்லையா என்பதை அந்தப் பதிவு காட்டும். ஒளிப்பதிவைச் சாட்சியமாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. நிர்வாகத்துக்கு உதவும் கமரா நமக்கும் உதவ வேண்டும். பதிவு அழிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

கொழுந்து மடுவத்தில் தொடங்குவோம்

கமராவை எங்கே வைப்பது என்று எம்மைக் கேட்டால், முதல் இடமாகக் கொழுந்து மடுவத்தைச் சொல்வோம். ஆனால் அது தராசைப் பார்க்க வேண்டும். பெண்களின் முகத்தைப் பார்க்க அல்ல. தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கிலோ வெட்டப்படுவது எத்தனையோ வருடத்துச் சண்டை. தராசின் எண்ணும், ஏட்டில் எழுதப்படும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில், குறுகிய கோணமுள்ள கண்ணாடியோடு ஒரு கமரா வைத்தால் அந்தச் சண்டையின் பாதி தீரும். பொய் சொல்வது யார் என்று இரு தரப்புக்கும் தெரிந்துவிடும். களவைப் பிடிக்கத்தான் கமரா என்று சொல்லும் நிர்வாகம் இதற்குத் தயங்கக் காரணம் இல்லை.

வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. உடை மாற்றும் இடம், கழிப்பறை வாசல், ஸ்டோரில் சாப்பிடும் இடம், பீலிக்கரை, லயத்து முற்றம். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டதால் நிலம் குத்தகையில் அவர்களிடம் இருக்கலாம். முற்றம் எமது வீட்டு வாசல். அங்கே துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெண்கள் தலை உலர்த்துகிறார்கள். பிள்ளை மடுவத்தில் வைப்பதானால் வெளிவாசலோடு நிற்க வேண்டும். தாய்மார் கூடிச் சம்மதம் சொன்ன பிறகே வைக்க வேண்டும். அந்தப் படம் எவருடைய போனுக்கும் போகக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட காரணத்துக்கு மட்டும் தரவு சேகரிக்க வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது, தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், தன்னைப் பற்றிய தரவை அவர் கேட்டுப் பெறலாம் என்பவை அதன் அடிப்படைகள். ஆளை அடையாளம் காணும் முகம், விரல் ரேகை போன்ற உடல் அடையாளத் தரவுகளையும், சிறுவர்களைப் பற்றிய தரவுகளையும் அது விசேட பாதுகாப்புக்கு உரியவையாக வைக்கிறது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் திகதி பிற்போடப்பட்டு வந்திருக்கிறது. அதற்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை; அதே அடிப்படைகளை நிர்வாகத்தோடு செய்யும் உடன்பாட்டில் எழுதிக்கொள்ளலாம்.

சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 1997 இல் தொழிலாளர்களின் தனிப்பட்ட தரவுகள் பற்றிய ஒரு நடைமுறைக் கோவையை வெளியிட்டது. கண்காணிப்பதானால் காரணத்தையும் நேரத்தையும் முறையையும் முன்கூட்டியே தொழிலாளருக்கு அறிவிக்க வேண்டும், மின்னணுக் கண்காணிப்பைக் கொண்டுவரும் முன் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து பேச வேண்டும் என்று அது சொல்கிறது. அது கட்டாயச் சட்டம் அல்ல. ஆனால் வெளிநாட்டுச் சந்தைக்குத் தேயிலை விற்கும் கம்பனிகள், தரச் சான்றிதழுக்காக எத்தனையோ நடைமுறைகளைக் கடைப்பிடிக்கின்றன. இதையும் கடைப்பிடிக்கலாம்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பவை

1. கமரா வாங்கும் முன் தோட்டக் கமிட்டியோடு பேசுங்கள். எத்தனை, எங்கே, எதற்கு என்ற வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

2. பேச்சைப் பதிவு செய்யும் மைக்கை அணைத்து வையுங்கள். களவைப் பிடிக்கப் படம் போதும்.

3. முகத்தைக் கண்டு பெயர் சொல்லும் வசதி வேண்டாம்.

4. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கட்டும். யார், எப்போது பார்த்தார் என்ற குறிப்பு தானாகப் பதிவாகட்டும். சொந்தப் போன்களில் வேண்டாம்.

5. பதிவு 30 நாள் இருந்து தானாக அழியட்டும். பிரச்சினைக்குரிய பதிவு மட்டும் இரு தரப்பும் அறியத் தனியாக வைக்கப்படட்டும்.

6. விசாரணைக்குப் படம் காட்டுவதானால் முழுப் பதிவையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் சங்கத்துக்கும் முன்கூட்டியே கொடுங்கள். துண்டுப் படத்தை மட்டும் காட்டித் தண்டிப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

7. சங்கக் கூட்டம் நடக்கும் இடத்தை எந்தக் கமராவும் பார்க்கக்கூடாது.

நம்மவர்களுக்கும் இதே விதி

கோவில் கமிட்டிக்கும், கடைக்காரருக்கும், வீட்டுக்கும் சேர்த்தே சொல்கிறோம். நிர்வாகத்திடம் கேட்பதை நாமும் செய்ய வேண்டும். வாங்கும்போது மெமரி கார்ட்டோ பதிவுப் பெட்டியோ போடக்கூடியதாகப் பாருங்கள். மாதாமாதம் காசு கட்டினால்தான் பழைய படம் தெரியும் என்றால் அந்தக் காசையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பிற கம்பனிகளின் பெட்டியோடும் சேர்ந்து வேலை செய்ய ‘ஒன்விஃப்’ முறை உள்ளதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரே கம்பனியிடம் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த திகதியையோ போன் இலக்கத்தையோ போடாதீர்கள். போனுக்கு வரும் இரண்டாவது இரகசிய எண் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். படித்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் இவ்வளவும் முடியும்.

கோவில் கமரா உண்டியலைப் பார்க்கட்டும். கோவிலுக்குக் கீழே உள்ள பீலியைப் பார்க்க வேண்டாம். அடுத்த காம்பராவின் கதவு உங்கள் கமராவில் தெரிந்தால் கொஞ்சம் திருப்பி வையுங்கள். அந்த வீட்டாரைக் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று உங்கள் போனிலேயே காட்டுங்கள். யாரோ ஒரு பெண்ணும் பையனும் பேசிக்கொண்டு போன படத்தை வட்ஸ்அப்பில் பரப்புவது களவை விடக் கேவலமான வேலை. அதனால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கலாம், ஒரு குடும்பம் தலைகுனியலாம். அப்படிச் செய்பவர் எமது அங்கத்தவராக இருந்தாலும் சங்கம் அவருக்காகப் பேசாது.

தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் தோட்டத்தில் எத்தனை கமரா இருக்கிறது, எவை எதைப் பார்க்கின்றன, பதிவுப் பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தோட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தால் கிடைக்கும் விபரம்தான். எல்லாத் தோட்டங்களின் தாளையும் ஒன்றாக வைத்து, மேலே சொன்ன ஏழு கோரிக்கைகளோடு கம்பனிகளுக்கு எழுத்தில் கொடுப்போம். முதல் கமரா கொழுந்து மடுவத்துத் தராசுக்கு என்பதில் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.